டயர் ஆறுற வரைக்கும்

வண்டியெல்லாம் இல்லீங்க தம்பி. வண்டி இல்லாம காத்து அடிக்கிற எடத்துக்கு வரக்கூடாதுன்னு எங்கயாவது போர்டு போட்டிருக்கா? இல்லல்ல. அப்ப அந்த ஸ்டூல இப்படி நகத்திப் போடுங்க. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன், ரெண்டுலயும் நின்னுக்கிட்டேதான் வந்தேன். நீங்க உங்க வேலையப் பாருங்க, அந்த வேன்காரரு முறைக்கிறாரு பாருங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டு இருப்பேன், நீங்க காது குடுத்தாப் போதும். ரெண்டு காதும் வேணாம், ஒண்ணு போதும்.

அந்தப் பை கனமாத்தான் இருக்கும். காலுல இடிச்சுக்காதீங்க. உள்ள என்னன்னு அப்புறம் சொல்றேன்.

என்னைத் தெரியலையா? எப்படித் தெரியும்? நீங்க என்னைப் பாத்ததில்ல, நான்தான் உங்களப் பாத்திருக்கேன். அய்யோ, பயப்படாதீங்க, பொண்ணு குடுக்க விசாரிக்க வந்த ஆள் இல்ல. இங்க ஒருத்தர் வருவாரே, சட்டைப் பையில எல்லாரும் பேனா வைக்கிற எடத்துல காத்து மீட்டர வெச்சுக்கிட்டு? க்ரீம் கலர் கார், இருபதுக்கு மேல ஓட்ட மாட்டாரு, பின்னாடி வர்றவங்க எல்லாம் ஹாரன் அடிச்சே பேட்டரியக் காலி பண்ணுவாங்க. ஆங், அவரேதான். மீட்டர் சார்னு நீங்கதான் பேர் வெச்சீங்களாமே. நான் மீட்டர் சாரோட சம்சாரம். பாத்தீங்களா, சொன்னதும் ஸ்டூலத் துடைக்கிறீங்க. எனக்கு வர்ற மரியாதையெல்லாம் இப்படித்தான், அவரு வழியா சுத்திக்கிட்டு வரும்.

ரெண்டு வாரமா ஆளக் காணோமா? எண்ணி வெச்சிருக்கீங்களே. அதப் பத்திப் பேசத்தான் வந்தேன். ஒடம்பெல்லாம் நல்லா இருக்கு. சொல்றேன், சொல்றேன். முதல்ல அந்த வேனுக்கு மூடியப் போட்டு அனுப்புங்க. மணி என்ன இப்ப? ஒன்பதே காலா. சரி, நேரம் இருக்கு.

அவரு என்ன வேலை பாத்தாருன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காரா? இல்லையா? சொல்லியிருக்க மாட்டாரு, பெரிய சொல்லா இருக்கும், அவருக்குக் கஷ்டம். எடை அளவு ஆபீஸ்ல இன்ஸ்பெக்டர். தராசு சரியா நிக்குதா, படி சரியா இருக்கா, அஞ்சு லிட்டர்னா பெட்ரோல் அஞ்சு லிட்டர் விழுதான்னு பாக்கற வேலை. இந்த பங்க்குக்குக் கூட வந்திருப்பாரு. உங்க முதலாளிகிட்டக் கேட்டுப் பாருங்க, இன்னிக்கும் அவருக்கு வேர்க்கும். முப்பத்தஞ்சு வருஷம் அந்த வேலை. ஒருத்தரு ஒரு டம்ளர் டீ நீட்டினா வாங்க மாட்டாரு. ஆனா அந்த டம்ளர் எத்தனை மில்லின்னு சொல்லிட்டு வருவாரு.

வீட்லயும் அதே கதைதான். டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டேன்னு சொன்னா, தலை தட்டின ஸ்பூனா, குவிச்ச ஸ்பூனாம்பாரு. அப்படிப்பட்ட மனுஷனுக்கு ரிட்டையர் ஆனதும் அளக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு. வீட்ல மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். என்னை அளந்து அளந்து அவருக்கே அலுத்துப் போய்டுச்சு.

நானா? நான் பஸ் ஸ்டாண்டுல வேலை பாத்தேன். மைக்ல சொல்லுவாங்களே, அந்தக் குரல் நான்தான். பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வழித்தடம் பதினேழு மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும். கேட்ட குரலா இருக்கா? இருக்காதா பின்ன? முப்பது வருஷம் தம்பி. மைக்கு திருப்பிப் பேசாது, அதான் எனக்கு இப்படி வாய் நிக்காமப் போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி அவரு அங்க லக்கேஜ் ஆபீஸ் தராச சோதிக்க வந்தாரு. தராசுல ஒரு தப்பும் கிடைக்கல. சும்மா திரும்பிப் போக மனசு வராம மாடி ஏறி என் ரூமுக்கு வந்து, உங்க கடியாரம் ரெண்டு நிமிஷம் பிந்துதுன்னு புகார் எழுதிக் குடுத்தாரு. அப்படித்தான் எனக்கும் அவருக்கும் பழக்கம். சிரிக்காதீங்க. அந்தக் கடியாரம் நிஜமாவே பிந்திச்சு.

கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு வழக்கம். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தார்னா வாசப்படியிலயே நின்னுப்பாரு. செருப்பக் கழட்ட மாட்டாரு. மூக்கப் பிடிச்சுக்கிட்டு என் மைக் குரல்ல, பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வீட்டுக்காரர் வந்துட்டாரும்பாரு. நான் சமையலறையிலேருந்து, நடைமேடை காலியா இல்ல, அங்கயே நில்லுங்கம்பேன். பக்கத்து வீட்டுக்காரங்க எங்களப் பைத்தியங்கன்னுதான் நினைச்சிருப்பாங்க. நெனச்சுட்டுப் போகட்டும்.

எங்க விட்டேன்? ஆங், காத்து. ரிட்டையர் ஆனதும் இந்தக் காத்துக் கிறுக்கு பிடிச்சுது. பங்க்ல காத்து இலவசமாக் குடுத்தாகணும், அது நம்ம உரிமைம்பாரு. எந்த பங்க்ல ஒழுங்காக் குடுக்கறாங்கன்னு காலண்டருக்குப் பின்னாடி லிஸ்ட்டே போட்டாரு. எங்க வீட்லேருந்து நாலு தெரு தள்ளி ஒண்ணு. அங்க மெஷின் பழுதுன்னு ஒரு அட்டை தொங்கும். வெயில்ல எழுத்து அழிஞ்சு போய்ப் புது அட்டை எழுதி மாட்டினாங்க, மெஷினத் தொடல. பாலத்துக்குக் கீழ ஒண்ணு. அங்க காத்து இருக்கும், ஆளு சாப்பிடப் போயிருப்பாரு. காலைல ஏழு மணிக்குப் போனாலும் சாப்பிடப் போயிருப்பாரு, சாயங்காலம் நாலு மணிக்குப் போனாலும் சாப்பிடப் போயிருப்பாரு. அவ்வளவு சாப்பிடற மனுஷர ஒரு தடவையாவது கண்ணால பாக்கணும்னு எனக்கு ஆசை. ஆஸ்பத்திரிகிட்ட இருக்கறதுல ஆளு இருப்பாரு, குழா இருக்காது. இன்னொரு எடத்துல காசு போடற மெஷின், மூணு டயர் வரைக்கும் நல்லா ஊதும், நாலாவதுக்கு வரும்போது மூச்சு வாங்கி நின்னுடும். வேற காசு போடுன்னு எழுத்து ஓடும். காத்துக்குக் காசு குடுத்துப் பழகினா நாளைக்கு நிழலுக்கும் கேப்பாங்கன்னு, அந்த மெஷின் முன்னாடி நின்னு அரை மணி நேரம் சண்டை போட்டாரு. மெஷின் கூட! பக்கத்துல மனுஷங்க யாரும் இல்ல.

உங்க பங்க் அந்த லிஸ்ட்லயே இல்ல. பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கு, யாருக்குத் தெரியும்? சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க. போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர் பெட்ரோல எரிச்சு, இலவசக் காத்து! அதுவும் வந்தமா அடிச்சமான்னு போற ஆளா? ஓடின டயர் சூடா இருக்கும், சூட்டுல அளந்தா முள்ளு கூடக் காட்டும், டயர் ஆறணும்னு இதே ஸ்டூல்ல உக்காந்துப்பாரு இல்ல? ஒரு மணி நேரம். அடுப்புலேருந்து எறக்கின டீயக் கூட அவ்வளவு நேரம் ஆற விட மாட்டாரு.

அதப் பாத்துட்டுத்தான நீங்க சொன்னீங்க, ஏன் சார் இவ்வளவு தூரம் அலையறீங்க, காலால மிதிக்கிற பம்பு ஒண்ணு வாங்கி, காலைல டயர் ஆறியிருக்கும்போது வீட்லயே அடிச்சுக்கங்கன்னு? சொன்னீங்களா இல்லையா? தலையச் சொறியாதீங்க. நல்ல எண்ணத்துலதான் சொன்னீங்க, எனக்குத் தெரியும். ஊருல எல்லாரும் நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க. இப்ப பையத் திறங்க.

அதான். கால் பம்பு. ரெண்டு வாரம் முன்னாடி வாங்கிட்டு வந்தாரு. அன்னிலேருந்து காரு வாசலத் தாண்டல. தினம் காலைல நாலு டயரையும் மிதிக்கிறாரு, துடைக்கிறாரு, உள்ள வந்து ஜன்னலோரமா அந்த நாற்காலியில உக்காந்துக்கறாரு. வழக்குப் போடலாம்னா உங்க பேர்லதான் போடணும்.

சரி, இப்ப ஒரு உதவி கேக்கப் போறேன். பக்கத்துல யாரும் இல்லையே? இந்தப் பம்புல மேல ஒரு வட்டம் இருக்கு பாருங்க, முள்ளு. இதக் கொஞ்சம் தப்பாக் காட்டுற மாதிரி பண்ணிக் குடுக்க முடியுமா? நிறைய வேணாம், ரெண்டே பாயிண்ட். முள்ளு தப்புன்னு தெரிஞ்சா அவரு அந்தப் பம்பக் கையால தொட மாட்டாரு. திரும்ப உங்ககிட்டதான் வந்தாகணும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? எனக்கே தெரியுது. தப்பு முள்ளு வெச்சவங்களப் பிடிச்சுப் பிடிச்சு முப்பத்தஞ்சு வருஷம் சீல் வெச்ச மனுஷரோட பொண்டாட்டி, முள்ளத் தப்பா வெச்சுக் குடுன்னு பையத் தூக்கிட்டு வந்திருக்கேன். கலிகாலம்தான். நானே பண்ணிடலாம்னு நேத்து மாடியிலேருந்து கீழ போடப் பாத்தேன். நேரா கீழ எதிர்வீட்டுப் பல் டாக்டர் நின்னுக்கிட்டு இருந்தாரு. அவரு ஊரு பல்லையெல்லாம் பிடுங்கட்டும், நாம அவரு மண்டையப் பிளக்க வேணாம்னு விட்டுட்டேன்.

எதுக்கு இவ்வளவு தூரம்னு கேக்கறீங்க. நியாயம்தான். உங்களுக்கு ஒண்ணு தெரியாது. அவரு மெதுவாப் பேசறாரே, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல ஒரு லாரியே போற மாதிரி எடம் விடறாரே, அது அவரு சுபாவம்னு நினைச்சீங்களா? அப்படித்தான் நினைச்சீங்களா? இல்ல தம்பி. போன வருஷம் ஒரு நாள் காலைல பல்லு தேச்சுக்கிட்டே இருந்தாரு, அப்படியே சாஞ்சுட்டாரு. மூளையில ரத்தக் குழா அடைப்புன்னாங்க. கை கால் எல்லாம் வந்துடுச்சு, கடவுள் புண்ணியம். பேச்சு மட்டும் வரல. மனசுல எல்லாம் இருக்கு, வாய்க்கு வர்றதுக்குள்ள வழி தப்பிப் போயிடுது. பதினாலு மாசம் ஆச்சு.

பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு அம்மா வந்தாங்க. பூனைப் படத்த நீட்டி இது என்ன சொல்லுங்க பாக்கலாம்னாங்க. சீல் வெச்சுப் பழகின மனுஷர்கிட்ட பூனையக் காட்டினா? படத்தத் திருப்பி வெச்சுட்டு எந்திரிச்சுப் போய்ட்டாரு. அந்த அம்மா போறப்ப என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. நீங்க அவரு சொல்றதுக்குள்ள முடிச்சிடறீங்க, காத்திருங்கன்னாங்க. காத்திருக்கறதா? எனக்கா? பஸ்ஸே கிளம்பிடுமே! அவரு த...ன்னு ஆரம்பிச்சா நான் தண்ணின்னு முடிச்சு டம்ளர நீட்டிடுவேன். அவரு கேக்க வந்தது தலையணை. பாவம், என் மனசு நோகக் கூடாதுன்னு தண்ணிய வாங்கிக் குடிச்சுடுவாரு. எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சிருக்காரு தெரியுமா? அப்புறம் த...ன்னு சொல்றதையும் நிறுத்திட்டாரு. எட்டு மாசம் ஜன்னலோர நாற்காலி. வீட்ல என் குரல் மட்டும்தான். நானே பேசி, நானே பதில் சொல்லி, நானே சண்டை போட்டு, நானே சமாதானம் ஆவேன்.

டாக்டரு கார் ஓட்டலாம்னு சொன்ன அன்னிக்குத்தான், நாள் கணக்கா நின்ன வண்டி, ஒரு டயர் சப்பிப் போயிருந்துது. காத்து அடிக்கக் கிளம்பினாரு. நாலு தெரு தள்ளி இருக்கு பங்க், மூணு மணி நேரம் ஆளக் காணோம். வாசலுக்கும் ரோட்டுக்குமா நடந்துக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அங்க அட்டை, பாலத்துக்குக் கீழ சாப்பாடு, ஆஸ்பத்திரிகிட்ட குழா இல்ல, இப்படியே ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து உங்ககிட்ட வந்து சேந்திருக்காரு. வீட்டுக்கு வந்து நின்னாரு. அங்க... காத்து... நல்லா... இருக்குன்னாரு. நாலு வார்த்தை! முழுசா ஒரு வாக்கியம். நான் கடாய அடுப்புல தீய விட்டுட்டு அழுதேன்.

மறுவாரம் திரும்பக் கிளம்பினாரு. அதுக்கு அடுத்த வாரமும். திரும்பி வந்ததும் இங்க நடந்தத ஒண்ணு ரெண்டு வார்த்தையாச் சொல்லுவாரு. எனக்குச் சந்தேகம் வராம இருக்குமா? அப்படி என்ன காத்து அதுன்னு ஒரு நாள் பஸ் பிடிச்சு வந்து, அதோ எதிர்ல இருக்கே பஸ் ஸ்டாப், அங்க குடைய விரிச்சு மறைச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். ஆமா, அந்தக் கறுப்புக் குடை நான்தான். அவரு இந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. கை ஆடுது, தலை ஆடுது, என்னவோ சொல்ல வர்றாரு. நீங்க குழாயச் சுருட்டிக்கிட்டே நிக்கிறீங்க. நடுவுல ஒரு வண்டி வந்துது, காத்து அடிச்சு அனுப்பிட்டுத் திரும்பி வந்து அதே எடத்துல நின்னீங்க. இன்னொரு வண்டி. திரும்பவும் அதே எடம். நான் எண்ணினேன் தம்பி, பன்னெண்டு வண்டி வந்து போச்சு. அவரு அந்த ஒரு வாக்கியத்த முடிக்கல, நீங்க முடிச்சு வைக்கவும் இல்ல. எனக்கு அங்க உக்காந்து வாய் துடிக்குது. சொல்லித் தொலைங்களேன், அவரு என்ன சொல்ல வர்றார்னு தெரியலையான்னு! கடைசியில என்னமோ சொல்லி முடிச்சாரு. நீங்க சிரிச்சீங்க. அவரும் சிரிச்சாரு. ஒடம்பு சாஞ்சதுக்கப்புறம் அவரு சிரிச்சு நான் அன்னிக்குத்தான் பாத்தேன், அதுவும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து.

எனக்கு உங்க மேல பொறாமையா இருந்துது. சொல்றதுக்கென்ன, இருந்துது.

என்ன? காத்து நிஜமாவே வாரா வாரம் எறங்கிச்சான்னா? நீங்க எச்சிலத் தொட்டு வால்வு வாயில வெச்சுப் பாத்தீங்க, குமிழி வரல. தண்ணி பக்கெட்ல முக்கிப் பாத்தீங்க, வரல. பஞ்சரும் இல்ல, எங்கதான் போகுது காத்துன்னு மண்டையப் பிச்சுக்கிட்டீங்களாமே. அவரு பல் டாக்டர் மேல சந்தேகப்படறாரு. நம்ம வண்டி அவரு வாசல்ல இடிக்குதுன்னு அவருக்கு ஒரு கோபம். அது சரி, பின்னாடி இடது டயரு மூடி எப்படிப் பச்சையிலேருந்து கறுப்பாச்சுன்னு கேட்டீங்களாம்.

இந்தாங்க. பச்சை மூடி. பர்ஸ்லயே இருக்கு. சாக்கடையில விழுந்துடுச்சு, எடுத்துக் கழுவி வெச்சேன். அவசரத்துக்கு நீங்க வெச்சிருக்கற மாதிரி ஒரு கறுப்பு மூடியக் கடையில வாங்கி மாட்டினேன்.

ஆமா, நான்தான். அவரு குளிக்கப் போனதும் கொண்டை ஊசிய எடுத்துட்டுப் போய் வால்வுக்குள்ள இருக்கற அந்தப் பின்ன அமுக்குவேன். ஸ்ஸ்ஸ்னு வரும். மனசுக்குள்ள ஒரு அறிவிப்பு முழுசாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அமுக்கினா அஞ்சு பாயிண்ட் எறங்கும். அளவு சரிதானே? அவரோட இருந்து எனக்கும் கை தராசாயிடுச்சு. ஆறு மாசமா வாரத்துக்கு ஒரு அறிவிப்பு. பல் டாக்டர் ஒரு தடவ மாடியிலேருந்து பாத்துட்டாரு. கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுட்டு உள்ள போயிட்டாரு. நல்ல மனுஷர், அவரப் போய்ச் சந்தேகப்படறாங்க.

மணி என்ன? ஒன்பதே முக்காலா. ரோட்டையே ஏன் பாக்கறேன்னா, சும்மாதான். நீங்க பம்பப் பாருங்க. உங்க மெஷினோட ஒப்பிட்டுப் பாத்து, எத்தனை பாயிண்ட் மாத்தணும்னு பாருங்க.

என்னது? ஏற்கெனவே தப்பா? ரெண்டு பாயிண்ட் கூடக் காட்டுதா? அட, நான் மாடியிலேருந்து போடவே இல்லையே! கடையிலயே அப்படித்தான் வருதா? பாருங்க, கடவுளே என் பக்கம் நிக்கிறாரு. அப்ப வேலை முடிஞ்சுது. சார், இந்தப் பம்பு முள்ளு தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை...

அடியில என்ன? காகிதம் ஒட்டியிருக்கா? நான் பாக்கலையே. இப்படித் திருப்புங்க, கண்ணாடி போட்டுக்கறேன். ரெண்டு பாயிண்ட் கூடன்னு எழுதியிருக்கு. தேதி. இது அவரு கையெழுத்துதான்.

வாங்கின அன்னிக்கே பாத்திருக்காரு. பாக்காம இருப்பாரா? சட்டைப் பையிலதான் சொந்த மீட்டர் இருக்கே. முள்ளு தப்புன்னு தெரியும். அளந்து, எழுதி, தேதி போட்டு ஒட்டியிருக்காரு. வேற எங்கயாவது இப்படி ஒரு முள்ளப் பாத்தா கடையையே இழுத்து மூடியிருப்பாரு. தெரிஞ்சே இந்தப் பொய் முள்ளோட தினம் மிதிச்சுட்டு உக்காந்திருக்காரு. உங்ககிட்ட வர்றதுக்கு அது பரவாயில்லன்னு.

கொஞ்சம் தண்ணி குடுங்க. இல்ல, வேணாம். ஒண்ணும் இல்ல, தூசி.

தம்பி, அவரு பம்பு வாங்கினது உங்க பேச்சக் கேட்டு இல்ல. வந்ததுலேருந்து உங்க தலையில போட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னீங்க, அவரு சட்டை பண்ணல. நான் சொல்றேன், என்ன நடந்துதுன்னு.

கடைசியா உங்ககிட்ட வந்துட்டுப் போனாரே, அன்னிக்கு. நான் சமையலறையில வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன். வாசப்படியில வந்து நின்னாரு. செருப்பக் கழட்டல. நான் நிமிந்து பாத்தேன். மூக்கப் பிடிச்சுக்கிட்டாரு. ப...ன்னாரு. கத்தியக் கீழ வெச்சுட்டேன். பய... பயணி... பயணிகளின்னாரு. முழுசா வந்துடுச்சு தம்பி. மூஞ்செல்லாம் வேர்த்துப் போச்சு அவருக்கு. அப்புறம் க...ன்னாரு. க... கனி...

கனிவான கவனத்திற்குன்னு நான் முடிச்சுட்டேன்.

முப்பது வருஷம் சொன்ன வாயி. என்னைக் கேட்டுக்கிட்டா வருது? சந்தோஷத்துல வந்துடுச்சு, கை தட்டிக்கிட்டே சொன்னேன். அவரு மூக்குலேருந்து கைய எடுத்தாரு. செருப்பக் கழட்டினாரு. உள்ள போய் உக்காந்துட்டாரு. மறுநாள் பம்போட வந்தாரு. அதுலேருந்து ஒரு எழுத்து இல்ல, த...ன்னு கூட இல்ல.

என்ன சொல்றீங்க? ரெண்டு மாசமாவா? இங்க உக்காந்தா? டயர் ஆறுற வரைக்கும் அதையேதான் சொல்லிச் சொல்லிப் பாப்பாரா? உங்களுக்குப் புரியல, ஏதோ பஸ் பத்தி விசாரிக்கிறார்னு நினைச்சீங்களா? எதுவரைக்கும் வந்தாரு? கடைசி வாரம் எதுவரைக்கும் வந்தாரு? முழுசாவா? வீட்டுக்காரர் வந்துட்டாரு வரைக்கும்?

சரி. சரி.

மணி பத்தாச்சு இல்ல? நான் ஏன் ரோட்டப் பாக்கறேன்னு கேட்டீங்களே. இன்னிக்கு விடியக்காலையில ரெண்டு அறிவிப்பு அமுக்கிட்டு வந்தேன். பம்பையும் பையில போட்டு எடுத்துட்டேன், வீட்ல காத்துக்கு வழியே இல்ல. நாலு தெரு தள்ளி அட்டை தொங்குது, பாலத்துக்குக் கீழ சாப்பிடப் போயிருப்பாரு. வர்றதுன்னா இங்கதான் வரணும். வராம அந்த நாற்காலியிலயே உக்காந்துட்டார்னா, அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. முள்ளு, பம்பு எல்லாம் சும்மா. வீட்ல உக்காந்து அத எதிர்பாக்க முடியாமத்தான் ரெண்டு பஸ் மாறி வந்துட்டேன்.

ஹாரன் சத்தம் கேக்குதா? ஒண்ணு இல்ல, நாலஞ்சு ஹாரன். சிக்னல்ல இல்ல, இங்கதான், அந்த வளைவுல. அதோ. அதோ பாருங்க, க்ரீம் கலரு! பின்னாடி எத்தனை வண்டி நிக்குது பாருங்க, ஊர்வலம் மாதிரி. நாசமாப் போகட்டும், நல்லா அடிங்கப்பா ஹாரன.

அந்தப் பையக் குடுங்க. நான் அந்த ஆயில் டின் அடுக்குக்குப் பின்னாடி நின்னுக்கறேன். நான் வந்ததச் சொல்லாதீங்க. ஸ்டூல அங்கயே போடுங்க, டயரத் தொட்டுப் பாத்துட்டு, ரொம்ப சூடா இருக்கு சார், ஆறட்டும்னு சொல்லுங்க. அவரு திரும்ப ஆரம்பிச்சார்னா... உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா என்ன?

முழுசாக் கேட்டுட்டு, பஸ் ஏறி அவருக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடுவேன். அவரு இருபதுலதான வருவாரு. வாசப்படியில வந்து நிக்கட்டும், எவ்வளவு நேரம் வேணா நிக்கட்டும்.

அந்தப் பச்சை மூடிய இப்படிக் குடுங்க. டயருக்குக் கறுப்பே இருக்கட்டும், இந்த மூடி என் வாய்க்குத்தான் வேணும்.